சிறு கீறலும் இன்றி

நாற்பதாவது சிமெண்ட் மூட்டையைத் தோளில் வாங்கும்போது இடுப்பில் வெட்டி இழுத்தது. வலது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார் மெடல்காரர். கிடங்கில் எல்லோருக்கும் அவர் மெடல்காரர்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்.

"என்ன மெடல் அண்ணே, விறைப்பா நிக்கிறீங்க? சல்யூட்டா?" என்றான் லாரி மேல் நின்றவன்.

"உன் முதுகுல அடிக்கிறேன் சல்யூட்டு. அடுத்ததைத் தள்ளுடா."

கேட் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. நாற்காலி வேலை; போரில் அடிபட்டவர்களுக்கென்று ஒதுக்கியது. "சான்றிதழ் கொண்டாங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன்" என்றிருந்தார் மேஸ்திரி.

புதன்கிழமை படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா கோப்பைப் புரட்டி, பதக்கத்தோடு கொடுத்த பாராட்டுரையையே எடுத்துப் படித்தார். "'உடலில் சிறு கீறலும் இன்றி, அதிகாரியை முந்நூறு கஜம் சுமந்து மீண்டார்.' எழுதினதே நீங்க சுமந்த அதிகாரி. அப்புறம் எங்க இருந்து வந்துச்சு அடி?"

"அது அழகுக்கு எழுதினதுங்க. பள்ளத்துல விழுந்தப்ப அவரு கனம் மொத்தமும் என் இடுப்புல."

"மருத்துவக் கூடாரத்துல கேட்டிருக்காங்களே. 'வலி இல்லை'ன்னு பதிவாகியிருக்கு."

கேட்டார்கள்தான். தோளில் பட்டை வைத்தவர் எது கேட்டாலும் விறைத்து நின்று பதில் சொல்வது பட்டாளத்துப் பழக்கம். பசிக்கிறதா? இல்லை சார். பயமா? இல்லை சார். வலிக்கிறதா? அதற்கும் அதேதான்.

"அவர்கிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க. இடுப்புல அடிபட்டதைப் பார்த்தேன்னு. போதும்" என்றார் குமாஸ்தா.

அன்று சாயங்காலம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மூன்று முறை சொல்லிக்கொடுத்து, போனைக் கையில் கொடுத்தாள். இருபது வருஷம் கழித்தும் அந்த அதிகாரியின் குரல் மாறவில்லை.

"அடடே, நீயா! எப்படி இருக்கே? ஏதாச்சும் கஷ்டமா?"

கட்டிலில் இருந்தவர் எழுந்துவிட்டார். குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.

"இல்லை சார்!"

"உடம்பெல்லாம்?"

"நல்லா இருக்கு சார்!"

"அதான்யா என் ஆளு!" போன் வைக்கப்பட்டது.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சுபோச்சு. அவருக்கு நல்லா இருக்காமே!"

"வாய் வரலைடி."

"பொய்க்கு மட்டும் நல்லா வருதே." போனைப் பிடுங்கி, அதே எண்ணைத் திரும்பக் கூப்பிட்டு அவளே பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள்.

எதிர்முனையில் அதிகாரியின் குரல் தணிந்தது. "எழுதி அனுப்புறேம்மா. அவன் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேட்டா அவருக்கு அப்படித்தான் வரும். கேக்காம எழுதுங்க."

வெள்ளிக்கிழமை போயிற்று. கேட் நாற்காலியில் இரண்டு விரல் இல்லாத வேறொரு படைவீரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. மூட்டையோடு கடக்கும்போதெல்லாம் மெடல்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

மூன்று மாதம் ஆகிறது. தபால்காரர் இவரைக் கண்டால் தூரத்திலேயே கையை விரிக்கிறார். சுமந்ததற்கு இவர் கூலி கேட்கவில்லை. அந்த அதிகாரி இவருக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.