ஊஃபருக்குள் நான்கு துண்டுகள்

"அந்தக் கிளிப்ப எடுக்காத," என்றான் எக்கோ. கட்டிலில் படுத்த வாக்கிலேயே சொன்னான். மூச்சு போதாமல் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

அராபா கையை இழுத்துக்கொண்டாள். மேசை மேல் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு, ஊஃபர், மல்லாந்து கிடந்தது. அதன் விளிம்பைச் சுற்றிலும் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாகக் கவ்வி நின்றன. பாலைவனத்து ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த புழுதி சன்னலுக்கு வெளியே பால் கலந்தாற்போல் நின்றதில், எதிர்வீட்டுத் தகரக் கூரைகூட இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது மட்டும் எங்கோ கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

ஐரோப்பாவில் யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட ஸ்பீக்கர் ஜோடி அது. தக்கொராடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும்போது மரப்பெட்டிகள் பளபளவென்றுதான் இருந்தன. உள்ளே ஊஃபர்களின் ஓரத்து நுரை மட்டும் காய்ந்த ரொட்டி மாதிரி விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மேலே பட்டு, உள்ளே பொத்தல். புது ஓரம் வாங்குவதென்றால் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரே வாங்கிவிடலாம். அதனால் எக்கோ எப்போதும் பெண்டாட்டியின் தையல் கூடையில்தான் கை வைப்பான். சனிக்கிழமை தவறாமல் யாருக்காவது சாவுச் சடங்கு நடக்கும் ஊர் அது. துக்க உடை தைக்கிறவள் கூடையில் கறுப்புத் துணிக்குப் பஞ்சமேது? அராபா வளையமாக வெட்டித் தருவாள். அவன் சைக்கிள் பஞ்சர் பசையைப் பெட்ரோலில் இளக்கி அதில் பூசி, கூம்புத் தாளோடு ஒட்டுவான். துக்கத் துணிதான் ஊஃபருக்கு ஏற்றது, இறுக்கமாக நெய்தது, அழுது அழுது பழகினது என்பான்.

முதல் ஸ்பீக்கர் போன வாரமே பாடிவிட்டது. இது இரண்டாவது. படுக்கையில் விழுந்தபின் அவன் சொல்லச் சொல்ல அராபாவே ஒட்டினாள்.

"ரெண்டும் சேந்து பாடணும். என் சாவுல வாடகை ஸ்பீக்கர் வச்சீங்கன்னா எழுந்து வந்து ஒயரப் புடுங்கிருவேன்," என்றான்.

"எழுந்து வர்றதா இருந்தா வாடகைக்கே சொல்லிடறேன்," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

படுக்கையில் விழுமுன்பே அவன் ஊஃபரின் நடுவிலிருந்த மூடியை வெட்டி எடுத்துவிட்டு, கம்பிச் சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகியிருந்தான். பசை காயும் வரை சுருள் நடுவில் நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் பாட்டெல்லாம் கரகரக்கும். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் வீட்டில் பெரிய சண்டை. அடுத்த முறை மறக்காமல் கொண்டுவா என்று டாக்டர் கொடுத்தனுப்பிய நெஞ்சு எக்ஸ்ரேயை, இந்த மகராசன் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டான். கேட்டதற்கு, இவ்வளவு வாகான பிளாஸ்டிக் ஊரிலேயே கிடையாது என்றான். டாக்டருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

"எலும்பு எங்கடி போயிடும்? உள்ளதான இருக்கு. இன்னொரு தடவ எடுத்துக்கட்டும்."

இன்னொரு தடவை எடுக்கப் போகவேயில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று பிற்பகல் அவள் யாருக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தாள். எக்கோ கண்ணை மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். மெஷின் ஓட்டத்துக்கு ஏற்றாற்போல் தட்டுகிறான் என்று அவளுக்குப் பட்டது. அவனுக்குப் பிடிக்குமே என்று மெதுவாக மிதித்தாள், பிறகு இன்னும் மெதுவாக. காலர் முடிந்து நூலை அறுத்தபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. தட்டல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் மட்டும் அடுத்த தட்டுக்குத் தயாராக மடங்கியிருந்தது.

சாயங்காலத்துக்குள் அவன் குடும்பம் வந்துவிட்டது. அங்கே ஆண்பிள்ளை சொத்து தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனைவி வேறு குடும்பத்துப் பெண். எக்கோவின் அக்கா அபா ஒரு மூச்சு அழுது தீர்த்துவிட்டு, வேலை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். சடங்கு முடிந்து கணக்கெடுக்கும் வரை ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது. கிளிப்புகளோடு ஊஃபர் உள்ளே போயிற்று. உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறைக்குப் போயிற்று.

ஊரைக் கூட்டி, துணி நிறம் முடிவு செய்து, சடங்குக்கு நாள் வர மூன்று வாரம் ஆனது. சடங்குக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டார்கள். வாடகை ஸ்பீக்கர்கள் லாரியில் வந்திறங்கின, ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். குடும்ப கௌரவத்துக்கு இதுதான் அளவு என்று அபா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அராபா நேராகக் குடும்பத் தலைவரான கிழவரிடம் போய் நின்றாள். பெரியவர்களை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, அவரு ஸ்பீக்கர்தான் பாடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒண்ணு ரெடி. இன்னொண்ணு பூட்டுக்குள்ள இருக்கு."

"இன்னும் மண்ணுக்கே போகல அவன். அதுக்குள்ள சாமான்ல கண்ணா?" என்றாள் அபா.

அராபாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டைக்கு வரவில்லையே அவள். "பெட்டி உங்களுது, காந்தம் உங்களுது, எல்லாம் உங்களுதுதான் அக்கா. உள்ள நாலு பிளாஸ்டிக் துண்டு இருக்கு. அத உருவலன்னா அது ஊமை. அது மட்டும் போதும் எனக்கு."

கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திறந்து பாருங்கள், பாடினால் சவத்தின் தலைமாட்டில் அதை வைக்கலாம், கரகரத்தால் வாடகை ஸ்பீக்கர், பிறகு பேச்சே கூடாது என்றார்.

அறைக்குள் புழுதி மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது. எக்கோ கழற்றி மாட்டிய சட்டையின் சிவப்புக் கட்டம்கூட வெளுத்துத் தெரிந்தது. அபா வாசலிலேயே காவல் நின்றாள். அராபா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஓரம் நன்றாகப் பிடித்திருந்தது. முதல் துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும், மூன்றாவதும். நான்காவது அசையவில்லை. ஒரு நாளில் எடுக்க வேண்டியது மூன்று வாரம் கிடந்திருக்கிறது. எங்கோ பசை கசிந்து பிடித்திருக்கும். வேகமாக இழுத்தால் சுருள் கோணிவிடும், இழுக்காவிட்டால் ஊமை. யாரைக் கேட்பது? சொல்லிக்கொடுத்தவன் குளிர் அறையில் கிடந்தான்.

"அக்கா, இந்த ஓரத்தப் புடிங்க. அழுத்தாதீங்க. சும்மா புடிங்க."

அபா வந்து பிடித்தாள். அராபா துண்டைக் குழந்தையின் பால்பல்லை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். வெளியே பந்தல்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சட்டென்று துண்டு விடுபட்டுக் கையோடு வந்தது. இரண்டு கட்டைவிரல்களாலும் கூம்புத் தாளை மெல்ல அழுத்தி, காதைக் கிட்டே வைத்தாள். உள்ளே போய் வெளியே வந்தது. உரசல் இல்லை. மறுபடியும் அழுத்தினாள், தேவையே இல்லாமல். அவன் மூச்சு கடைசியாக இவ்வளவு சுலபமாகப் போய்வந்தது எப்போது என்று நினைத்ததும், அத்தனை நாள் வராத அழுகை வந்துவிட்டது.

அபா அந்த நான்காவது துண்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "என்ன இது, வெள்ளையா வளைஞ்சிருக்கு?"

"அவரு விலா எலும்பு."

அபா துண்டின் ஓரத்துப் பசையை நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பிறகு, குடும்பத்துச் சாவி இடுப்பில் தொங்க, சின்னக் குரலில் கேட்டாள்:

"இத நான் வச்சிக்கட்டுமா, அராபா?"

அராபா தலையாட்டினாள். மற்ற மூன்றையும் தையல் மெஷின் இழுப்பறையில் சாக்கட்டியோடு போட்டு மூடினாள்.

சனிக்கிழமை எக்கோவின் தலைமாட்டில் இரண்டு பெட்டிகளும் பாடின. வாடகை ஸ்பீக்கர்கள் பந்தலின் கோடியில் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஊரார் வரிசையாக வந்து கைகுலுக்கி, பாட்டுக்கு நாலு அடி ஆடிவிட்டு உட்கார்ந்தார்கள். அராபா சவத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு ஓரம் பெருத்தும் சிறுத்தும் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வரிசையில் அபா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் எதையோ புழுதி மூடிய சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.