பதினேழாவது மௌனம்

என் அக்கா ஆறு வருஷம் மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியாக நடித்தபோது வசனம் மறந்து பேந்தப் பேந்த விழித்தாள். "ஊமை வேஷம்னு சொல்லவே இல்லையே!" என்று பின்வரிசையில் எவனோ கத்த, அரங்கமே சிரித்தது. பாவி, அவன் நாக்கு அழுகிப்போக!

இப்போது திரும்பி வந்ததே என் வாக்கை நம்பித்தான். "நீ மறந்தா நான் பக்கத்துலயே நின்னு வசனத்தை எடுத்துக் குடுக்கறேன்கா. நீ தைரியமா போ" என்றிருந்தேன்.

இந்த நாடகம் ஒரு தினுசு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பிரிக்காத ஒரு கடிதம். அதைப் பிரிப்பதா வேண்டாமா என்று ஓர் அண்ணனும் தங்கையும் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். பிரதியில் வசனத்துக்கு வசனம் 'மௌனம்' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

"சும்மா உக்காந்திருக்கறதைப் பாக்கவா டிக்கெட் வாங்குவாங்க?" என்று இயக்குநரிடம் கேட்டேன். எழுதியதும் அவர்தான்.

"பாருங்களேன்" என்றார்.

"கடிதத்துல என்னதான் இருக்கு?"

"எனக்கும் தெரியாதுங்க."

எழுதின ஆளுக்கே தெரியாதாம்! எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

முதல் காட்சி சாயங்காலம். எண்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. மேடையோரக் கறுப்புத் திரையின் இடுக்கில், அக்காவுக்குக் குரல் எட்டும் தூரத்தில், பிரதியும் சின்ன டார்ச்சுமாக நின்றேன். ஒவ்வொரு மௌனத்துக்கும் கணக்கு உண்டு. பதினேழாவதற்கு ஐந்து எண்ண வேண்டும். ஐந்து ஆயிற்று. எட்டும் ஆயிற்று. மேசைக்கடியில் அக்காவின் கால்விரல்கள் சுருண்டுகொண்டன. மறந்துவிட்டாள். எனக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும்.

வரி என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் முகம் இருக்கிறதே, அம்மாடி! அவள் கடிதத்தைப் பார்த்த பார்வையில் அண்ணனாக நடித்தவரே மிரண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அரங்கில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அடுத்து என்ன செய்வாள்? இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருபத்தெட்டு எண்ணியபோது அவளே வரியைப் பிடித்துவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் ஒப்பனை அறைக்கு ஓடிவந்தார். "அந்த மௌனம் தினமும் அப்படியே வேணும்!" என்று குதித்துவிட்டுப் போனார்.

"பிரமாதம்கா" என்று அசடு வழிந்தேன். "எனக்கே புல்லரிச்சுடுச்சு. அதான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

அக்கா முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் மறந்துட்டேன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பாக்கறதுக்கு எண்பது பேர் இருந்தாங்கடி. எடுத்துக் குடுக்க நீ ஒருத்திதான் இருந்தே." கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "நாளைக்கு நீயும் அவங்களோட சேந்து முன்னாடியே உக்காந்துக்கோ."