தண்ணீரிலிருந்து ஆறு மீட்டர்

மேசைமேல் இருபத்துமூன்று துணிப்பைகள். உள்ளே கல்லாய் இறுகிய சிப்பிகள். ஒவ்வொரு பையின் வாயிலும் தாயா பென்சிலில் எழுதிய சீட்டு: பாறைச் சரிவில் எத்தனை மீட்டர் உயரத்தில் எடுத்தது, எந்தத் தேதி. எழுதியவள் இறந்துபோய் ஏழு மாதம். ரோதியோன் மனைவியின் எழுத்தைப் பார்த்தான். மனத்தில் ஒன்றும் அசையவில்லை.

நவசிபீர்ஸ்க் ஆய்வகத்தின் தலைவி கிளாவ்தியா அர்கீபவ்னா அவனை வரச்சொன்னது இந்தப் பைகளுக்காகத்தான். அனபார் ஆற்றங்கரைப் பாறையில் ஜுராசிக் காலம் எங்கே முடிந்து கிரிட்டேசியஸ் காலம் எங்கே தொடங்குகிறது என்று இந்தச் சிப்பிகளை வைத்துத்தான் கோடு போட வேண்டும். கீழே பழைய இனம், மேலே புதிய இனம்; அதுதான் முறை. தாயாவின் சீட்டுகளிலோ நாலு மீட்டரில் புதியது, ஆறு மீட்டரில் பழையது.

"பை மாறிப்போச்சு ரோத்யா. வேற எப்படிச் சொல்றது?" என்றாள் கிளாவ்தியா. "வெள்ளிக்கிழமை அட்டவணையை அனுப்பணும். இதை எடுத்துட்டா அவ பேரும் போயிடும். எனக்கு மட்டும் ஆசையாப்பா?"

சர்க்கரை டப்பாவுக்கே தேதி எழுதி வைக்கிறவள் தாயா. அவளா பையை மாற்றுவாள்? மாற்றவில்லையென்றால் பாறையா புரண்டது? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. ஆற்று நீர்மட்டம் குறிப்பது அவன் வேலை, சிப்பி தெரியாது. சிப்பி எடுத்த கோடையில் அவளோடு போய் அளவுகோலைப் பிடித்தான், உயரத்தைச் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மூலையில் கல் அறுத்துக்கொண்டிருந்த யெஃபீம் தலை நிமிராமல் சொன்னான்: "ஆத்துக்காரனைக் கோல் புடிக்கச் சொன்னா இப்படித்தான். அவனுக்குச் சொந்த வீட்டு மாடியே தண்ணியிலிருந்துதான் உயரம்."

கிளாவ்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. ரோதியோனுக்கு வரவில்லை. பாறைமேல் கயிற்றில் தொங்கியபடி தாயா ஒருநாள் கேட்டிருந்தாள்: "எங்கேருந்து அளக்குற?" அவன் சொன்னது: "வேற எங்கேருந்து?" அவள் நினைத்திருந்தது பாறையில் ஓடும் வெள்ளைக் களிமண் வரி. அவன் அளந்தது காலடியில் ஓடும் தண்ணீரிலிருந்து.

வீட்டுக்குப் போய் நீர்மட்டப் பதிவேட்டை எடுத்துவந்தான். பனி உருகிய வெள்ளம் ஜூலை மூன்றிலிருந்து ஆகஸ்டு பத்தொன்பதுக்குள் ஐந்து மீட்டர் வடிந்திருந்தது. ஆகஸ்டின் ஆறு மீட்டர், ஜூலைத் தண்ணீர்க் கணக்கில் ஒரே மீட்டர். ஒவ்வொரு சீட்டிலும் அந்தந்த நாள்வரை தண்ணீர் வடிந்த அளவைக் கழித்தார்கள். பழையது கீழே போயிற்று, புதியது மேலே வந்தது.

"அப்ப தப்பு யாரோடது?" என்றாள் கிளாவ்தியா.

"என்னோடது. எழுதிக்குங்க."

கிளாவ்தியா எழுதவில்லை. "பதினேழு மட்டும் இடிக்குதே," என்றாள்.

பதினேழாம் பையின் தேதி ஆகஸ்டு ஆறு. பதிவேட்டில் அந்த நாள் காலி; முந்தின நாள் கணக்கைத்தான் கழித்திருந்தார்கள். டீசல் வாங்க அவன் கிராமத்துக்குப் படகில் போயிருந்த நாள். அப்படியென்றால் கோலைப் பிடித்தது யார்?

கிளாவ்தியா எதையும் கழிக்காமல், வெள்ளை வரியிலிருந்து எண்ணிப் பார்த்தாள். பை அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"தனியாவா பிடிச்சிருப்பா?" என்றான் ரோதியோன். ரெண்டு ஆள் உயரக் கோல் அது.

கிளாவ்தியா பதினேழாம் வரிசையையும் நிரப்பினாள். அட்டவணையில் தாயாவின் பெயர் இருந்தது. அவன் பதினேழாம் சீட்டை மறுபடி படித்தான். எப்படிப் பிடித்திருப்பாள் என்று அவனுக்கு விளங்கவேயில்லை.