வேற இருக்கா?

யுத்த காலத்தில் கொழும்பில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட மறு வாரமே பீர் முகம்மது அங்கே புறக்கோட்டையில் இருந்த தன் ஜவுளிக் கடையைப் பூட்டிவிட்டு, சொந்த ஊரான காயல்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். பதினான்கு வருடமாக வருடத்துக்கு ஒரு மாதம் மட்டுமே வீட்டில் இருந்த மனிதர். இப்போது காலையிலும் இருந்தார், மாலையிலும் இருந்தார். அதனால் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு முதல் தடவையாகத் தெரியவந்தது.

நடந்தது ஒன்றுதான். மனைவி ஜெய்னம்பு ஏதாவது வேலை சொல்வாள். மகள்கள் இரண்டு பேரும் மாட்டேன் என்பார்கள். மூத்தவள் ருகையாவுக்கு ஒன்பது வயது, இளையவள் பல்கீஸுக்கு ஏழு. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னால் கால் வலிக்கும். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போடச் சொன்னால் வயிறு வலிக்கும். ஜெய்னம்புவின் தொண்டை சாயங்காலத்துக்குள் கட்டிப்போகும்.

நான்கு நாள் பார்த்துவிட்டு பீர் முகம்மது மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நீ கேக்கதே தப்பு. சாரம் வேணுமான்னு நான் யாருட்டயும் கேட்டதே இல்ல. கேட்டா வேண்டாம்னுட்டுப் போயிருவான். ரெண்ட எடுத்து விரிச்சுப் போட்டு, நீலமா பச்சையான்னுதான் கேப்பேன்.”

பிள்ளைகள் என்ன கடையில் சாரம், கைலி வாங்கவா வந்திருக்கிறார்கள் என்று ஜெய்னம்பு கேட்டாள். அவர் ருகையாவை அழைத்து, முதலில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிறாயா, அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைக்கிறாயா என்று மரியாதையாக விசாரித்தார். ருகையா இதுவரை யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்பதுபோல் நிமிர்ந்து நின்றாள். கொஞ்சம் யோசித்து, சிம்னி என்றாள். துடைத்தாள். பிறகு தானாகவே போய் ஆட்டுக்கும் தண்ணீர் வைத்தாள்.

ஜெய்னம்புவுக்கு ஆச்சரியம் பாதி, எரிச்சல் பாதி. ஒரு வாரம் வீடு அமைதியாக ஓடியது. பீர் முகம்மது தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லியும் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஜெய்னம்பு ஒரு பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பல்கீஸுக்குப் பன்னிரண்டு கணக்கும் ஒரு பக்கம் எழுத்தும் பாக்கி. பீர் முகம்மது வழக்கம்போல, கணக்கு முதலிலா எழுத்து முதலிலா என்று கேட்டார். பல்கீஸ் சிலேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

“வேற இருக்கா வாப்பா?”

“இருக்கு,” என்றார் அவர்.

அப்படிச் சொல்லவேண்டும் என்று நினைத்து அவர் சொல்லவில்லை. கடையில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. வந்த பிறகு எடுத்துக் காட்டாமல் இருக்க முடியுமா? ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கலாம் என்றார். காய்ந்த துணியை மடிக்கலாம் என்றார். கறிவேப்பிலை உருவலாம், கோழியைக் கூட்டில் அடைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். பல்கீஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரியம்மா வீட்டிலும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

பெரியம்மா வீடு பக்கத்து வீடுதான். சீக்கிரமே திரும்பி வந்தாள். அங்கே வெங்காயம் உரிக்கும் வேலை மட்டும் இருப்பதாகவும், அதோடு தின்ன ஒரு துண்டு தொதல் இனிப்பு தருவதாகவும் தகவல் சொன்னாள். பக்கத்துக் கடைக்கு ஆளை விட்டுவிடுவது பீர் முகம்மதுவால் தாங்க முடியாத காரியம். அவர் கடலைமிட்டாய் டப்பாவைத் திறந்தார். பல்கீஸ் அசையவில்லை. பன்னிரண்டு கணக்கை எட்டாக்கினார். ஆறாக்கினார். இதைப் பார்த்து ருகையாவும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்காகத் துணி மடிப்பதைத் தானே ஏற்றுக்கொண்டார். ஆட்டுக்குத் தண்ணீரும் தானே வைப்பதாக ஒத்துக்கொண்டார்.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஜெய்னம்பு வந்தாள். மகள்கள் இரண்டு பேரும் ஊஞ்சலில் கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார்கள். சிலேட்டு துடைத்து வைத்தது போல் வெறுமையாக இருந்தது. கணவர் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் மடித்து வைத்திருந்த துணியை ஆடு ஒவ்வொன்றாக ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. ஆட்டை இழுத்துக் கட்டினாள். மிட்டாய் டப்பாவை மூடினாள். பல்கீஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

“கணக்கா, எழுத்தா? பத்து எண்ணுவேன். அதுக்குள்ள சொல்லலன்னா எது முதல்லன்னு நான் சொல்லுவேன்.”

வேறு இருக்கிறதா என்று பல்கீஸ் கேட்டாள். ஜெய்னம்பு மூன்று என்றாள். பல்கீஸ் பெரியம்மா வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஜெய்னம்பு ஆறு என்றாள். பத்து வரை பல்கீஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜெய்னம்பு கணக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பல்கீஸ் கொஞ்ச நேரம் அழுதாள். கிணற்றடியில் இருந்து வாப்பா எட்டிப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனித்தாள். அவர் எட்டிப் பார்க்கத்தான் செய்தார், ஆனால் பக்கத்தில் வரத் துணியவில்லை. பிறகு அவள் பன்னிரண்டு கணக்கையும் போட்டாள், எழுத்தையும் எழுதினாள். மறுநாள் எட்டு எண்ணும்போதே பதில் சொல்லிவிட்டாள். அதற்கு மறுநாள் இரண்டிலேயே.

பீர் முகம்மதுவுக்கு மனசு கொஞ்சம் கசந்திருந்தது. பதினான்கு வருடத் தொழில், ஏழு வயதுப் பிள்ளையிடம் நிற்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தவர், மூன்றாம் நாள் இதை எங்கே படித்தாய் என்று மனைவியிடமே கேட்டுவிட்டார்.

“மீன்காரிட்டதான். சாளையா நெத்திலியாம்பா. நாம யோசிக்கதுக்குள்ள கூடையத் தூக்கிருவா,” என்றாள் ஜெய்னம்பு.

அப்படிப்பட்ட வியாபாரியைப் பார்க்காமல் விடக்கூடாது என்று, மறுநாள் காலை வாசலில் மீன்காரியின் குரல் கேட்டதும் பீர் முகம்மது தானே எழுந்து போனார். போன வேகத்தில் திரும்பினார். கையில் விசிறி அகலத்துக்கு ஒரு திருக்கை மீன் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் யாரும் திருக்கை சாப்பிட மாட்டார்கள்.