அக்கா சொல்லிக் கொடுத்ததா?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் அண்ணி ஒரு நாள் சாப்பிட்ட கை காய உட்கார்ந்து பாதி சொன்னார். மீதியைக் கேட்டதும், "உன்கிட்ட சொன்னதே தப்பு. எழுதித் தொலைச்சிடுவ" என்று எழுந்து போய்விட்டார். எழுதித் தொலைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி, நகராட்சி நடத்தும் இளைஞர் மையத்தின் பொறுப்பாளர்; அங்கே வரும் எல்லோருக்கும் அக்கா. பள்ளியோ வேலையோ முடிந்து வரும் பிள்ளைகள் அங்கே நாடகம் போடுவார்கள், சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவார்கள், கூட்டம் கூட்டிச் சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். செலவைக் குறைக்க மாலை ஐந்து மணிக்கே மையத்தைப் பூட்டிவிடலாம் என்று நகராட்சியில் பேச்சு. அப்படிப் பூட்டினால் அது எலிகளுக்கான மையம்.

2

முதல் தொடக்கம்: "மன்றக் கூடத்தின் கனத்த அமைதியில் அந்தச் சிறுமி..." (வேண்டாம். அவளுக்குப் பதினேழு வயது. சிறுமி என்றால் கடித்துவிடுவாள்.)

இரண்டாவது: அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. நகராட்சிக் கூட்டத்தில் மையத்துக்காகப் பேச, பிள்ளைகள் ஓட்டுப் போட்டு அவளை அனுப்பினார்கள்.

மையத்தில் கறாரான ஒரு வழக்கம் உண்டு. பேசப் போகிறவர் கையில் தாள் இருக்கக் கூடாது. இருந்தால், பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். அண்ணி கடைசி வரிசையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது.*

* வழக்கத்தைக் கொண்டுவந்ததே அண்ணிதான். வீட்டில் இது அமலில் இல்லை என்று குறிப்பிடச் சொன்னான் அண்ணன்.

3

ரேடியோ வெளுத்து வாங்கினாள். கடைசியாக, "காலைல யாருமே வர்றதில்ல சார். அப்போ பூட்டி வைங்க. சாயங்காலம் திறந்து விடுங்க. செலவும் குறையும்" என்றாள்.

நகராட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாருக்கே. இது உன் யோசனையா, இல்ல அக்கா சொல்லிக் குடுத்ததா?"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். ரேடியோ நின்றுவிட்டாள்.

அது அண்ணியின் யோசனை. முந்தின நாள் டீ கிளாஸ் கழுவிக்கொண்டே வாய்தவறிச் சொன்னது. "நாக்கைக் கடிச்சிருக்கணும்டா" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது.

நிலவரம் புரிகிறதா? பொய் சொன்னால் மையம் பிழைக்கும். ரேடியோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. (தெரியும். அம்மாவிடம் தினமும் சொல்கிறாள். ஆனால் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் சுவரோரம் நின்று பார்க்கும்போது வரவில்லை.) உண்மையைச் சொன்னால், "அதானே பார்த்தேன்" என்று மொத்தப் பேச்சையும் தள்ளிவிடுவார்கள். அண்ணி எழுந்து விளக்கினாலோ, தலைவர் கேட்டதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அண்ணி பொறுக்கமாட்டாமல் எழுந்து... (அடித்துவிட்டேன்.)

ரேடியோ தலைநிமிர்ந்து முழங்க, கூடமே கைதட்டி... (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

"ஆமா சார், அக்காதான் சொன்னாங்க. நாங்க சண்டை போட்டுத்தான் ஒத்துக்கிட்டோம். அஞ்சு மணிக்குப் பூட்டணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

இதை எழுதியதும் துள்ளிவிட்டேன். பிறகு இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். இது அவள் பதில் இல்லை. நாற்பது தாண்டிய ஒருவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தது. இதை அவள் வாயில் வைத்தால், "ஆமாம், சொல்லிக் கொடுத்ததுதான்" என்று தலைவருக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

மனசே இல்லாமல் அடித்தேன்.

5

அண்ணியிடம் மறுபடி போய் நின்றேன்.

"கடைசில என்னதான் சொன்னா அண்ணி?"

"நான் சொன்னா அது நான் சொன்னதாயிடும். போ."

ஆகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அண்ணி, உதட்டைக் கடித்தபடி. எனக்கு இந்தப் பக்கம் உள்ள நாற்காலி உங்களுக்கு. தலைவர் அடுத்த பொருளுக்குத் தாளைப் புரட்டுகிறார். ரேடியோ ஒருமுறை திரும்பி நம்மைப் பார்க்கிறாள். உங்களுக்கும் இந்நேரம் ஒரு நல்ல பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

அவள் பேசப் போகிறாள்.