கனவு வரும் மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை என்றாலே ஆகாது. கொஞ்ச நாள் போடுவார். தலைசுற்றல் நின்றதும் விட்டுவிடுவார். நல்லாத்தானே இருக்கேன் என்பார். மகள் கெஞ்சியும் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்தும் பார்த்தாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் மனைவி வர ஆரம்பித்தாள். இறந்து இத்தனை காலமாகியும் கனவில் எட்டிக்கூடப் பார்க்காதவள். லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஈரத் தலையோடு நிற்பாள். இருவரும் மேலே போவார்கள். மாடிகளுக்கு முடிவே இருக்காது. ஒரு மாடியில் கதவு விலகினால் கடல், சத்தமில்லாமல், கால் விரலைத் தொட்டுக்கொண்டு. இன்னொன்றில் அவர்கள் முதன்முதலில் குடியிருந்த அறை, ஜன்னலில் துணி காய்ந்தபடி. அவள் பேசமாட்டாள். மாற்றிப் போட்ட அவர் சட்டைப் பித்தான்களைச் சரிசெய்வாள்.

மாத்திரையை மறந்த நாட்களில் அவள் வரவில்லை. அதைக் கண்டுகொண்டதும் அவர் மறப்பதை விட்டார். அப்பாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று மகள் நிம்மதியாக இருந்தாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, நாடிதான் மிக மெதுவாக ஓடுகிறது, இப்படியே விட்டால் ஆபத்து. இதைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்று தருகிறேன் என்றார். சிலருக்கு இந்த மாத்திரையால் கனவு அதிகம் வரும், உங்களுக்கு எப்படி என்றும் கேட்டார். இல்லவே இல்லை என்று இவர் சாதித்தார். எனக்கு இதுவே இருக்கட்டும் என்று எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பின்னாலேயே வந்த மகள் வராந்தா பெஞ்சில் ஏன் என்று கேட்டு விடவில்லை. கடைசியில் கனவைப் பற்றிச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"எனக்கு ஒருநாள்கூட வந்ததில்லப்பா," என்றாள் மெல்ல. "அம்மா எப்படி இருக்காங்க?"

"முடியெல்லாம் கறுப்பாத்தான் இருக்கு."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் போயிட்டா அம்மாவைப் பத்தி நான் யார்கிட்ட கேக்கறது?"

அவர் எழுந்து மறுபடி டாக்டர் அறைக்குள் போனார்.

பழைய மாத்திரை குறையக் குறைய மாடிகளும் குறைந்தன. கடைசியாக வந்த அன்று அவள் ஏதோ ஒரு மாடியில் இறங்கிக்கொண்டாள். அவர் கதவைக் கையால் தடுத்துப் பிடித்திருந்தார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது கையை எடுத்தார்.

இப்போதெல்லாம் தூக்கத்தில் ஒன்றுமில்லை, இதமான இருட்டுதான். காலையில் யாரும் சொல்லாமலே புது மாத்திரையை விழுங்குகிறார். டீ ஆறும்வரை மனைவியைப் பற்றி ஏதாவது சொல்கிறார். மகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள்.

சில நாள் சிரித்துவிடுவாள். "அது அம்மா இல்லப்பா, அத்தை."

அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.