நிலக்கரிக் குழுவின் நாற்காலிகள்

வல்லரசுகளுக்குள் பகை எப்படி மூண்டது என்று பேராசிரியர்கள் தலையணை தடிமனில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எல்லாம் தப்பு. அது பெர்லினில், நான் காவலாளியாக இருந்த கட்டடத்தின் கூடத்தில், ஒரு கட்டைவிரல் உயரத்தில் ஆரம்பித்தது.

போர் முடிந்த மறு வருடத்துக் குளிர்காலம். எங்கள் வீட்டு எலிகள் பூனையை அணைத்துக்கொண்டு தூங்கின. தெருவின் இந்தப் பக்கம் அமெரிக்காவிடம், அந்தப் பக்கம் ரஷ்யாவிடம். இரு தரப்பு கேப்டன்களும் வாராவாரம் எங்கள் கூடத்தில் கூடிச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் தெருவுக்கு நிலக்கரி. மாடியில் குடியிருந்த ஹெட்விக்கின் கைக்குழந்தைக்கு விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அமெரிக்கர் விட்லாக்கும் ரஷ்யர் ஸவ்யாலவும் வெற்றி நாளில் கைக்கடிகாரம் மாற்றிக்கொண்ட நண்பர்கள். முதல் கூட்டத்தில் விட்லாக்கின் நாற்காலி ஒரு கட்டைவிரல் உயரமாக அமைந்துவிட்டது.

"என்னய்யா, மேலேர்ந்து பாக்குறே?" என்றார் ஸவ்யாலவ்.

"நான் எங்க பாக்குறேன்? நீதான் பள்ளத்துல உக்காந்திருக்கே."

கையெழுத்து விழவில்லை. அடுத்த வாரம் ஸவ்யாலவ் இடிந்த நீதிமன்றத்திலிருந்து நீதிபதி நாற்காலியைத் தூக்கி வந்தார். அதற்கடுத்த வாரம் விட்லாக் நாடகக் கொட்டகையிலிருந்து சிம்மாசனம். ஏணி வைத்துத்தான் ஏறினார். நிலக்கரி என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. தோற்ற நாற்காலியைத் திரும்பச் சுமந்து போவது தேசத்துக்கே இழுக்கு என்று முற்றத்தில் வீசிவிட்டுப் போனார்கள்.

ஹெட்விக் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"எவால்ட் அண்ணே, அது ஓக் மரமா?"

"ஓக்குதான்."

"ரம்பம் எங்க?"

அன்று மாலை குழந்தை போர்வைக்கு வெளியே கையை நீட்டியது. அதன்பின் வாரம் ஒரு நாற்காலி. நீதித்துறை முழுவதும் எங்கள் அடுப்பில் எரிந்தது.

பிப்ரவரியில் பேரிடி. நாற்காலி உயர்ந்து உயர்ந்து விட்லாக்கின் தலை கூரை விளக்கில் மோதியது. ஸவ்யாலவ் சிரித்தார், அவரும் சிரித்தார்.

"போதும்டா. ஒரே பெஞ்சைப் போட்டு உக்காருவோம்," என்றார் விட்லாக்.

நான் மெல்லக் கேட்டேன்: "அப்ப நிலக்கரி, ஐயா?"

"கையெழுத்து போட்டாச்சு. கோடைக்குள்ள வந்துரும்."

செய்தி கேட்டு ஹெட்விக் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்த் தன் ஒரே தலையணையைப் பிரித்தாள்.

அடுத்த கூட்டத்துக்குப் பெஞ்சில் ரஷ்யர் பக்கம் ஒரு பூவேலை மெத்தை இருந்தது.

"இடுப்பு வலின்னீங்களே கேப்டன், அதான்," என்றாள்.

ஸவ்யாலவ் உட்கார்ந்தார். உயர்ந்தார். விட்லாக் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?"

"பஞ்சு தீந்துபோச்சுங்களே."

அடுத்த வாரம் விட்லாக் தேவாலயப் பிரசங்க மேடையைக் கொண்டுவந்தார், படிக்கட்டோடு. அதை மிஞ்சி ஸவ்யாலவ் எதையோ கொண்டுவந்ததும் மேடை முற்றத்துக்கு வந்தது. நல்ல வால்நட் மரம். குழந்தைக்குப் பல் முளைக்கும்வரை எரிந்தது.